மூளை போடும் கணக்கு

(ஆதரவாளர் கூடுகையில் நமது நரம்பியல் மருத்துவர் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறோம்.)



இந்தக் கூடுகையில் ஒரு மருத்துவர் பேச எழுந்தால் புதிய வார்டு, புதிய கருவி, போன வருடத்து நோயாளிகளின் எண்ணிக்கை என்றுதான் வழக்கமாக இருக்கும். அந்தக் கணக்குகளைப் பொருளாளர் என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "மூளையும் பணமும்". நரம்பு வைத்தியனுக்குப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் ஓ.பி.க்கு வெளியே வராந்தாவில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அங்கே அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு உண்டு: "இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது."

ஆறு மாதம் சாப்பிட வேண்டிய காசநோய் மாத்திரையை இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டு இருமிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம். இலவசமாகப் போடுகிற தடுப்பூசிக்குக் குழந்தையைக் கூட்டிவராத தாயைப் பார்த்துச் சொல்கிறோம். ஐந்து வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கப் பத்து வட்டிக்கு வாங்குகிறவரைப் பார்த்துச் சொல்கிறோம். அது உண்மையிலேயே புத்தியின் குறைவா, அல்லது வேறு ஏதாவதா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பொருளாதாரப் பாடப்புத்தகங்களில் ஒரு மனிதர் வருவார். அவருக்குத் தன் தேவைகள் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றின் விலையும் தெரியும். இன்றைய லாபத்தையும் பத்து வருடம் கழித்து வரப்போகும் லாபத்தையும் தராசில் வைத்து நிறுத்து, தனக்கு எது அதிக நன்மையோ அதையே தேர்ந்தெடுப்பார். கோபம் கிடையாது, பயம் கிடையாது, தூக்கக் கலக்கம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் பொருளாதாரக் கோட்பாட்டில் பெரும்பகுதி அவர் தோளில்தான் நின்றது. அவரை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. ஆனால் பழைய வைத்திய நூல்களில் அவருடைய சாயலுள்ள சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருமே மூளையில் அடிபட்டவர்கள்!

அவர்களில் மிகப் பழையவர் பினியாஸ் கேஜ் என்ற அமெரிக்க ரயில்பாதை மேஸ்திரி. 1848 செப்டம்பர் 13ஆம் தேதி, வெர்மான்ட் மாநிலத்தில் பாறைக்கு வெடி வைக்கும்போது, மூன்றடி ஏழு அங்குல நீளமுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழே நுழைந்து மண்டையின் மேற்புறமாக வெளியே போனது. ஆள் பிழைத்துக்கொண்டார். பேச்சு போகவில்லை, ஞாபகசக்தியும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பொறுப்பும் நிதானமும் போய்விட்டன என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதி வைத்தார். கேஜ் 1860இல் இறந்தார். அவருடைய மண்டை ஓடும் அந்தக் கம்பியும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன.

அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் கழித்து, அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் தன்னுடைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். "எலியட்" என்று மாற்றுப்பெயர் கொடுத்திருந்தார். நல்ல குடும்பஸ்தர், வியாபார நிறுவனத்தில் நல்ல வேலை. நெற்றிக்குப் பின்னால் சிறு ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி வளர்ந்தது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். கட்டியால் கெட்டுப்போன மூளைப்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் செய்த அறிவுச் சோதனைகள் எல்லாவற்றிலும் அவர் சராசரிக்கு மேல். கணக்கு வரும், செய்தித்தாள் செய்திகளைப் பற்றிச் சாதுரியமாகப் பேசுவார். ஆனால் அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பிரித்து அடுக்கச் சொன்னால், தேதிப்படி அடுக்குவதா, பொருள்படி அடுக்குவதா என்று மத்தியானம் முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பார். வேலை போயிற்று. நம்பத்தகாத ஒருவரோடு கூட்டு வியாபாரம் தொடங்கிச் சேமிப்பு முழுவதையும் இழந்தார். குடும்பமும் குலைந்தது. தன் துயரக் கதையை யாருக்கோ நடந்ததுபோல எந்தச் சலனமும் இல்லாமல் மணிக்கணக்கில் சொல்லுவார். டமாசியோ கவனித்தது அதைத்தான்: கணக்குப் போடும் திறமை முழுதாக இருக்கிறது, உணர்ச்சி இல்லை, அந்த மனிதரால் முடிவெடுக்க முடியவில்லை.

இதேவிதமான பாதிப்புள்ள இன்னொரு நோயாளியிடம், "அடுத்த முறை இந்தத் தேதியில் வருகிறீர்களா, அந்தத் தேதியில் வருகிறீர்களா?" என்று டமாசியோ கேட்டாராம். அந்த மனிதர் டயரியை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு இருக்கும் மற்ற வேலைகள், மழை வருமா வராதா என்று ஏறக்குறைய அரைமணி நேரம் இரண்டு தேதிகளின் நன்மை தீமைகளையும் ஒப்பிட்டுக்கொண்டே போனார். கடைசியில் மருத்துவர் பொறுமையாக, "இரண்டாவது தேதியில் வாருங்கள்" என்றதும் "சரி" என்று எழுந்து போய்விட்டார். பாடப்புத்தக மனிதர் நேரில் வந்தால் இப்படித்தான் இருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இதைப் பரிசோதித்துப் பார்க்க டமாசியோவின் குழுவினர் ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கினார்கள். நான்கு சீட்டுக் கட்டுகள். விளையாடுகிறவர் கையில் இரண்டாயிரம் டாலர் பொய்ப்பணம். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும், ஆனால் நடுநடுவே பெரிய அபராதம். பத்துச் சீட்டு எடுத்தால் மொத்தத்தில் 250 டாலர் நஷ்டம். மற்ற இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 50 டாலர்தான், அபராதமும் சிறியது. பத்துச் சீட்டில் 250 டாலர் லாபம். இது முன்கூட்டி யாருக்கும் சொல்லப்படாது. கை விரல்களில் வியர்வையை அளக்கும் கருவியைப் பொருத்தியிருப்பார்கள்.

1997இல் வெளியான முடிவுகள் ஆச்சரியமானவை. ஆரோக்கியமானவர்கள் பத்துப் பன்னிரண்டு சீட்டு எடுத்தவுடனேயே, கெட்ட கட்டின் பக்கம் கை நீட்டும்போது விரல்கள் லேசாக வியர்க்கத் தொடங்கின. அந்தக் கட்டு சரியில்லை என்று அவர்களுக்கு மனதில் பட்டது ஐம்பதாவது சீட்டு வாக்கில். ஏன் என்று விளக்கிச் சொல்ல எண்பது சீட்டு ஆயிற்று. நெற்றிப் பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கோ வியர்க்கவே இல்லை. அவர்களில் சிலர், எந்தக் கட்டு கெட்டது என்று வாயால் சரியாகச் சொன்ன பிறகும் அதே கட்டிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்குத் தெரிந்தது அறிவுக்கு எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 2004இல் வேறொரு குழு, இன்னும் நுணுக்கமாகக் கேள்வி கேட்டால் ஆரோக்கியமானவர்களுக்கு முன்னமே விஷயம் தெரிந்திருக்கிறது என்று காட்டியது. இருந்தாலும், தெரிந்திருப்பதும் அதன்படி நடப்பதும் மூளையில் ஒரே காரியமல்ல என்பது நின்றுவிட்டது. "எவ்வளவு சொன்னாலும்" என்கிற நம் வராந்தாப் பேச்சில் முதல் ஓட்டை அங்கே விழுகிறது.

அடுத்ததாக நஷ்டபயம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதிய கட்டுரை பொருளாதாரத்தையே திருப்பிப் போட்டது. நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வருத்தம் பெரிது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ட்வெர்ஸ்கி 1996இல் காலமானார். கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது, 2024இல் அவரும் காலமானார். இதற்கு மூளையில் இடம் உண்டா என்று தேடியவர்கள் 2010இல் ஒரு சான்று கொடுத்தார்கள். அமிக்டலா என்று பாதாம்பருப்பு வடிவில் ஒரு சிறு பகுதி மூளையின் இரண்டு பக்கத்திலும் உண்டு. பயத்தோடு மிகவும் சம்பந்தப்பட்டது. அது இரண்டு பக்கமும் பழுதான இரண்டு பெண்களிடம் லாப நஷ்டப் பந்தயங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நஷ்டமும் லாபமும் அவர்களுக்கு ஒரே எடையாக இருந்தன. நமக்கெல்லாம் நஷ்டம் கனமாக இருப்பதற்கு அந்தப் பாதாம்பருப்பின் பங்கு உண்டு என்று அதிலிருந்து தெரிகிறது.

மருத்துவமனையில் இதற்கு நேரடியான பிரயோஜனம் இருக்கிறது. 1982இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று ஒரு கேள்வியைப் பலரிடம் கேட்டார்கள். சிலரிடம் "அறுவை சிகிச்சை செய்த நூறு பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள்" என்று சொன்னார்கள். சிலரிடம் "நூறு பேரில் 10 பேர் இறக்கிறார்கள்" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் "இறக்கிறார்கள்" என்று கேட்டவர்களில் வெகுபேர் அறுவை சிகிச்சையை விட்டு விலகினார்கள். கேட்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள், அவர்களும் அப்படித்தான் சாய்ந்தார்கள். ஆகவே கையெழுத்து வாங்கும்போது எந்த வார்த்தையில் சொல்லுகிறோம் என்பதும் வைத்தியத்தின் பாகம்தான். இரண்டு விதமாகவும் சொல்லிவிடுங்கள் என்றுதான் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களிடம் நான் சொல்லுவது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "மூளை ஸ்கேனில் இந்த இடம் ஒளிர்ந்தது, ஆகவே மனிதன் இப்படித்தான்" என்று பத்திரிகைகளில் வரும் செய்திகளைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்?" என்று கேட்டார்கள். புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் பார்த்தால், மீனின் மூளையிலும் ஒரு புள்ளி "வேலை செய்தது"! கருவியைக் கேலி செய்வது அவர்கள் நோக்கமில்லை; கணக்கை ஒழுங்காகப் போடுங்கள் என்று சக விஞ்ஞானிகளுக்குச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், கூல், பெசென்டார்ஃபர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், மனிதர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது மட்டுமே எங்கள் பாடம், தலைக்குள் என்ன நடந்தால் எங்களுக்கென்ன என்று உறுதியாகவே வாதிட்டார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஸ்கேன் படம் மட்டும் எந்தத் திட்டத்தையும் வகுத்துக் கொடுத்துவிடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். தேடிப் பார்க்கிற வேலை வயலிலும் தெருவிலும் நடக்க வேண்டும்.

அப்படித் தேடிய இடங்களில் ஒன்று நம் தமிழ்நாடு. இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி, இன்னும் இரண்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். 54 கிராமங்கள், 464 விவசாயிகள். கரும்பில் பணம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வரும். வெட்டுக்குப் பின் சில மாதம் கையில் காசு இருக்கும். அடுத்த வெட்டுக்கு முன் கடனும் அடகும். ஆக ஒரே மனிதர் ஒரே வருடத்தில் ஏழையாகவும் இருக்கிறார், ஓரளவு வசதியாகவும் இருக்கிறார். வெட்டு எப்போது என்பதை ஆலை முறைவைத்துச் சொல்வதால், ஒருவருக்கு முன்னும் பக்கத்து வயல்காரருக்குப் பின்னுமாக மாதங்கள் மாறும். அதனால் மழையோ, பண்டிகையோ, பருவமோதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வெட்டுக்கு முன் அவர்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 சதவீதம். கடன்பட்டிருந்தவர்கள் முன்னே 99 சதவீதம், பின்னே 13 சதவீதம். இந்த இரண்டு சமயங்களிலும் அதே மனிதருக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். படங்களின் வரிசையில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கும் புதிர், படிப்பறிவு தேவையில்லாதது. வெட்டுக்கு முன் சரியான விடைகள் சராசரி 4.35. பின்னே 5.45. கவனத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சோதனையிலும் வெட்டுக்கு முன் அதிக நேரம் எடுத்தார்கள், அதிகம் தவறினார்கள். மனிதர் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. கையிருப்பு மாறியது, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம் இது. மூளையின் கவனத்துக்கு ஒரு எல்லை உண்டு. வட்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வது, அடகுத் தவணை முடிகிறதே, பிள்ளைக்கு ஃபீஸ் எங்கே என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, மிச்சமிருக்கிற கவனம்தான் மற்ற காரியங்களுக்குக் கிடைக்கும். ஒரு பெரிய வண்டி ஏற்கெனவே பாரம் ஏற்றியிருக்கிறது. அதன்மேல், "காலை இரண்டு, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், பதினைந்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை" என்று நாமும் ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கிறோம்.

2013இல் இந்த ஆய்வு வெளியானபோது உலகமெங்கும் பேசப்பட்டது. பிறகு எதிர்ப்பும் வந்தது. அதே புதிரை இரண்டாம் முறை போடுகிறவர் பழக்கத்தால் நன்றாகப் போட்டிருக்கலாமே என்றார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு, 2016இல், அறிவுத் திறனில் வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. இந்தத் துறையின் இருபது ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு குழு 2021இல், அவற்றில் சிலதான் தாக்குப்பிடிக்கின்றன என்று எழுதியது. எனக்கு அதில் அதிக வியப்பில்லை. மாதச் சம்பளக்காரரின் கடைசி வாரமும், வெட்டுக்குக் காத்திருக்கிற கரும்பு விவசாயியின் கடைசி மாதமும் ஒரே அளவுள்ள கஷ்டமல்ல.

அதன்பின் ஒடிசாவில் செய்த ஓர் ஆய்வுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. இலைகளைத் தைத்து உணவுத் தட்டு செய்யும் கூலித் தொழிலாளர்கள். எத்தனை தட்டோ அத்தனை கூலி. வேலை கிடைக்காத மாதங்களில், கடன் நெருக்கும் நேரத்தில், இரண்டு வார வேலைக்கு அவர்களை எடுத்தார்கள். மொத்தக் கூலி எல்லோருக்கும் ஒரே விகிதம்தான். ஆனால் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் அதுவரை செய்த வேலைக்கான பணத்தை இடையிலேயே கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலோர் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் உடனே கடனை அடைத்தார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் செய்த வேலையின் அளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. அதிலும் மிக ஏழைகளிடம் அதிகம். தையலில் கவனப் பிசகுகளும் குறைந்தன. ஒரு பைசா கூட அதிகமாகக் கொடுக்கவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சில நாள் முன்னே கொடுத்தார்கள்.

சென்னையிலிருந்து இரண்டு ஆய்வுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ரிக்ஷா ஓட்டும் 229 பேரிடம் மூன்று வாரம் தினமும் ஊதிப் பார்க்கும் கருவியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குக் குடிக்காமல் வந்தால் சிறு பணம். தினமும் சேமிக்கவும் வசதி செய்து கொடுத்தார்கள். பகலில் குடிப்பது குறைந்தது, சேமிப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. குடிக்காததால் மிச்சமான காசு மட்டுமே அதற்குக் காரணமில்லை என்று கணக்குக் காட்டியது. இதைவிட என் மனதில் தங்கியது வேறொன்று: குடிக்காமல் இருப்பதற்கு உதவுகிற அந்த ஏற்பாட்டைப் பெறுவதற்காகத் தங்கள் பணத்தையே விட்டுக்கொடுக்கப் பாதிக்கு மேற்பட்டவர்கள் தயாராக இருந்தார்கள். குடிகாரர் திருந்த விரும்புவதில்லை என்று யார் சொன்னது?

மற்றது தூக்கத்தைப் பற்றியது. சென்னையின் ஏழைத் தொழிலாளர் 452 பேர் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். வெக்கை, கொசு, சத்தம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. கண்மறைப்பு, மெத்தை, காது அடைப்பான் எல்லாம் கொடுத்து இரவில் 27 நிமிடம் கூட்டினார்கள். பெரிய பலன் வரும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஆனால் பகலில் வேலையிடத்தில் அமைதியான இடத்தில் அரைமணி நேரத் தூக்கம் கொடுத்தபோது கவனமும் வேலையின் தரமும் மனநிலையும் தேறின. அனுமானம் ஒன்று, நடந்தது வேறொன்று. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதுவரை ஏழைகளின் மூளையைப் பற்றியே பேசிவிட்டேன். காணிக்கை கொடுக்கிற நம்முடைய மூளையும் அதே களிமண்தான்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. ஒரு சிறு வேலைக்காக ஐந்து டாலர் பெற்றுக்கொண்டவர்களிடம், விருப்பமிருந்தால் ஆப்பிரிக்காவின் பசிக்குக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். அவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினரிடம் பல லட்சம் பேர் பட்டினியால் வாடுகிறார்கள் என்ற புள்ளிவிவரம். அவர்கள் 1.14 டாலர் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ரோகியாவையும் காட்டிப் புள்ளிவிவரத்தையும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43 டாலர்! லட்சங்கள் உள்ளே வந்தவுடன் ரோகியா மங்கிப்போனாள். 2013இல் இதையே ஸ்கேன் கருவியில் வைத்துப் பார்த்தவர்கள், அநாதைக் குழந்தைகளின் நிழலுருவத்தைவிட முகம் தெரியும் படத்தைப் பார்க்கையில், எதிர்பார்ப்போடும் மகிழ்ச்சியோடும் சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி அதிகம் இயங்கியதையும், அந்த இயக்கத்துக்கும் கொடுத்த தொகைக்கும் தொடர்பு இருந்ததையும் கண்டார்கள்.

நமது செய்திமடலின் முதல் பக்கத்தில் ஏன் எப்போதும் ஒரே ஒரு குழந்தையின் முகம் இருக்கிறது என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். இதில் தவறில்லை, முகம் பொய்யில்லை. ஆனால் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, ஆசிரியர் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன். முகம் இருக்கிற தேவைக்குப் பணம் வருகிறது. குடிநீர்க் குழாய்க்கு முகம் இல்லை. மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் சுகாதாரப் பணியாளரின் பேருந்துச் செலவுக்கு முகம் இல்லை. வராமல் தடுக்கப்பட்ட நோய்க்கு எந்தக் குழந்தையின் முகத்தை அச்சிடுவது? இருதய அறுவை சிகிச்சைக்காக ஒரு குழந்தையின் பெயரில் வந்த காணிக்கை தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். அதே மாதத்தில் தடுப்பூசி முகாமின் கணக்கு காலியாகக் கிடக்கும்.

ஒரு ஆறுதலான செய்தியும் உண்டு. அதே 2007இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களிடம் ஆளுக்கு நூறு டாலர் கொடுத்து, ஸ்கேன் கருவிக்குள் இருக்கும்போதே அதிலிருந்து ஒரு பகுதி உணவு வங்கிக்குப் போகும்படி செய்தார்கள். சில தடவை வரியைப்போலத் தானாகப் பிடித்துக்கொண்டார்கள், சில தடவை அவர்களே விரும்பிக் கொடுத்தார்கள். விரும்பிக் கொடுக்கும்போது மகிழ்ச்சிப் பகுதி அதிகம் இயங்கியது. ஆனால் தானாகப் பிடித்தபோதும், ஏழைகளுக்குப் போகிறது என்று தெரிந்திருந்தால், ஓரளவு இயங்கியது. கொடுப்பதன் சந்தோஷம் நம் பெயர் கல்வெட்டில் வருவதால் மட்டும் வருவதில்லை என்று பொருளாதாரக்காரர்களுக்கு அது சாட்சி. மாதாமாதம் பொதுநிதிக்கு எந்தப் படமும் கேட்காமல் அனுப்புகிற உங்களில் பலருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கடைசியாக, தடுப்பூசிக்கு வராத தாயின் விஷயம். ராஜஸ்தானில் உதய்ப்பூர் மாவட்டத்தின் 134 கிராமங்களில் செய்த ஆய்வு அது. அதை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ இருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. வழக்கம்போல் விட்ட கிராமங்களில் முழுத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18 சதவீதம். அதே முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். அந்தத் தாய்மார்கள் தடுப்பூசிக்கு விரோதிகளாக இருந்திருந்தால் ஒரு கிலோ பருப்புக்காகப் பிள்ளையின் கையை நீட்டியிருப்பார்களா? நன்மை என்றோ வரும், கூலி இன்றே போகும். இன்றைக்குக் கிடைப்பதைக் கனமாகவும் நாளைக்குக் கிடைப்பதை லேசாகவும் நிறுப்பது படித்தவர் மூளைக்கும் உள்ள வழக்கம்தான். உடற்பயிற்சியை "திங்கட்கிழமையிலிருந்து" தொடங்குகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள்.

பருப்புக் கொடுப்பது லஞ்சம் ஆகாதா என்று போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மூப்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக அந்த ஆய்வின் செலவுக் கணக்கையே அவருக்குக் காட்டினேன். பருப்பையும் தட்டையும் சேர்த்தும், முழுத் தடுப்பூசி போட்ட ஒரு குழந்தைக்கான செலவு, பருப்பில்லாத முகாமில் ஆனதைவிட ஏறக்குறையப் பாதிதான். நர்சம்மா எப்படியும் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கப் போகிறார். ஆறு பேர் வந்தாலும் அவருக்குச் சம்பளம் ஒன்றுதான், முப்பது பேர் வந்தாலும் ஒன்றுதான். மூப்பர் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, பருப்பு துவரையா, பயறா என்று கேட்டார்.

காசநோய் மாத்திரைக்கு வருகிறவர்களின் பேருந்துக் கட்டணத்தை மாதக் கடைசியில் மொத்தமாகத் தராமல், மருந்து கொடுக்கிற ஜன்னலிலேயே அன்றன்றைக்கு ரொக்கமாகத் தர வேண்டும் என்று பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொகை ஏறாது, கொடுக்கும் நாள்தான் மாறும். ஆறு மாதம் செய்து பார்த்து, இடையில் நிறுத்தினவர்கள் எத்தனை பேர் என்று முன்னும் பின்னும் எண்ணி, கூடினாலும் குறைந்தாலும் இதே செய்திமடலில் அந்த எண்களை அச்சிடுவதாக ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். படம் போட மாட்டோம்.